சோலாருக்குத் துணையாக ஒரு கீசர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள எங்கள் மத்தூரில், சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் சாதனத்தை மொட்டைமாடியில் பொருத்திக்கொண்ட குடும்பங்களுக்கு ஐப்பசி பிறந்ததும் ஒரு சங்கடம் தவறாமல் வந்து சேர்கிறது. எந்த மாதங்களில் வெந்நீர் மிகுதியாக வேண்டியிருக்கிறதோ, அந்த மாதங்களில்தான் சூரியன் நாள்கணக்கில் மேகத்துக்குள் மறைந்துபோகிறான். இதற்குப் பரிகாரமாக, எங்கள் வீட்டில் முன்பே இருந்த 200 லிட்டர் சோலார் ஏற்பாட்டோடு 15 லிட்டர் கொள்ளளவுள்ள மின்சாரக் கீசர் ஒன்றை இணைத்தோம். ஐப்பசி மழையையும் மார்கழிக் குளிரையும் பங்குனி வெயிலையும் அதனோடு கழித்துப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது கீசர் வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்னும் நம்பிக்கையில், கண்டவற்றை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் சீதோஷ்ணம் மத்தூருக்கு இல்லை. அந்த மேட்டுநிலத்துக்குக் கீழே, கிருஷ்ணகிரியைத் தாண்டிக் கிழக்கே சரியும் சமவெளியில் இருப்பதால், பகலில் இங்கே குளிர் என்பதே அபூர்வம். ஆனால் ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் வளாகங்கள் பெருகிய பிறகு, விடியற்காலை முதல் ஷிப்டுக்குப் போகும் ஆண்களும் பெண்களும் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. கம்பெனி பஸ் வந்து நிற்பதற்கு முன் ஸ்நானத்தை முடித்தாக வேண்டியவர்களுக்கு, இருள் பிரியாத வேளையில் தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி எவ்வளவு என்பதுதான் முக்கியமேயன்றி, நண்பகலில் வெயில் எவ்வளவு அடிக்கிறது என்பது அன்று. முதியவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் வெந்நீர் ஓர் ஆடம்பரம் அல்ல என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கெல்லாம் செம்புப் பாய்லர் இருந்தது. நடுவே நெருப்புக் குழலும் சுற்றிலும் நீருமாக அமைந்த அந்தப் பாத்திரத்தில், கவாத்து செய்த மாமரக் கிளைகளையும் தென்னை மட்டையையும் தேங்காய்த் தொட்டியையும் இட்டு எரித்தால், ஒரு குடும்பம் முழுவதும் குளித்து முடிக்கும்வரை வெந்நீருக்குக் குறைவிராது. எல்லைக்கு அப்பால் கன்னடம் பேசும் வீடுகளில் குளியலறையோடு சேர்த்துக் கட்டிய அடுப்பின்மேல் ஹண்டே என்னும் பெரிய செம்புப் பாத்திரம் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பழைய ஏற்பாடுகளிலெல்லாம் புகையும் சிரமமும் இருந்தன என்பது மெய். அந்தச் சிரமத்தைப் பெரும்பாலும் பெண்களே சுமந்தார்கள் என்பதும் மெய். ஆயினும் மேகம் சூழ்ந்த நாளில் வெந்நீர் இல்லை என்று அவை ஒருபோதும் கைவிட்டதில்லை. புதிய சாதனத்தை நிறுக்கும் தராசில் இந்தக் குணத்தையும் ஒரு படிக்கல்லாக வைத்துப் பார்ப்பதே நியாயம்.

சோலார் இங்கே பெங்களூர் வழியாக வந்தது என்று சொல்லலாம். கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டிலேயே புதிய கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனத்தைக் கட்டாயமாக்கி, பொருத்தியவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா வீதம் மாதம் 50 ரூபாய் வரை கழிவும் கொடுத்தார்கள். பெங்களூரின் மாடிகளில் வரிசை வரிசையாக நின்ற அந்தக் கண்ணாடிக் குழாய்கள், 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஓசூருக்கும், பிறகு கிருஷ்ணகிரிக்கும், அங்கிருந்து எங்கள் ஊருக்கும் மெல்ல மெல்ல இறங்கி வந்தன. இரட்டைச் சுவருள்ள கண்ணாடிக் குழாயின் இரு சுவர்களுக்கும் இடையே காற்று அகற்றப்பட்டிருப்பதால், உள்ளே புகுந்த உஷ்ணம் ஃபிளாஸ்க்கில் ஊற்றிய காப்பியின் சூட்டைப்போல வெளியேற வழியின்றி நிற்கிறது. சூடேறிய நீர் இலேசாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏற, குளிர்ந்த நீர் கனத்தினால் கீழே இறங்க, மோட்டாரோ மின்சாரமோ இல்லாமலே நாள் முழுவதும் அந்தச் சுழற்சி நடக்கிறது. வெயிலுள்ள நாளில் மாலைக்குள் தொட்டி நீர் 60 டிகிரியை எட்டிவிடும்.

சூரியனிடமிருந்து பெற்ற உஷ்ணத்தை மறுநாள் காலைவரை காப்பது எப்படி என்னும் கேள்வி, இந்தச் சாதனத்தின் வயதளவு பழமையானது. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய நீர்த்தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து உரிமம் பெற்றார். ஆனால் வெயிலைப் பெறும் தொட்டியே நீரைச் சேமிக்கும் தொட்டியாகவும் இருந்தமையால், இரவில் அது ஆறிப்போயிற்று. 1909-இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் வெயிலைப் பெறும் பாகத்தையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்கு வெப்பக் காப்பும் கொடுத்து, பகலும் இரவும் வெந்நீர் என்று விளம்பரம் செய்தார். இரவின் குறையை பெய்லி தீர்த்துவிட்டார். மேகத்தின் குறையைச் சூரியனைக்கொண்டே தீர்க்க முடியாது. அதற்கு வேறோர் அடுப்பு வேண்டும். எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை மூடிக்கொண்டு நிற்கும்போது, மெல்லிய மேகத்தினூடே வரும் ஒளியைக்கொண்டு அந்தக் குழாய்கள் ஓரளவு வேலை செய்தாலும், அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் அடைமழை பிடித்தால் தொட்டி நீர் வெதுவெதுப்பான நிலைக்கு இறங்கிவிடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பிரதேசத்தின்மேல் வந்து நின்று, ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய சமயத்தை இப்பக்கத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய துயரத்தின் நடுவே குளியல் வெந்நீர் ஓர் அற்பக் குறைதான். எனினும் ஈரத்தில் நனைந்து வந்தவர்களுக்கும் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும் அது அற்பமாக இருந்திராது.

இரண்டாவது சாதனம் எது, அதை எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது. வேலைக்கு வந்த பிளம்பர், "காயிலை மேல இருக்கிற சோலார் டேங்க்குக்குள்ளேயே போட்டுடலாங்க சார், குழாய் வேலையே வராது" என்று சொன்னார். அந்த வசதி பெரும்பாலான சோலார் தொட்டிகளில் இருக்கிறது. வேலை குறைவு என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சிக்கனமன்று. 200 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் பிடிக்கும். 2 கிலோவாட் காயில் அதற்கு மூன்றரை மணி நேரம் ஓடவேண்டும். வீட்டில் ஐந்து பேர் தலைக்கு ஒரு 20 லிட்டர் வாளி வீதம் 40 டிகிரி நீரில் குளிப்பதாக வைத்துக்கொண்டால், 22 டிகிரியில் உள்ள நீரைக்கொண்டு தொடங்கினாலும் அதற்குத் தேவைப்படும் உஷ்ணம் 2 யூனிட்டுக்குச் சற்றே அதிகம். வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல் உஷ்ணத்தை நீரில் ஏற்றி, மிச்சத்தை மாடிக் காற்றில் ஆறவிட்டு, அடுத்த நாள் சூரியன் சற்றே தலைகாட்டினாலும் அவனுக்குச் செய்வதற்கு வேலையில்லாமல் செய்துவிடுவது அந்த ஏற்பாட்டின் இயல்பான தோஷம். தவிரவும், மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு வரும் 15 மீட்டர் குழாயில், முக்கால் அங்குலக் குழாயானால், ஏறக்குறைய 4 லிட்டர் நீர் ஆறிப்போய் நிற்கிறது. போர் வற்றும் கோடையில் ஒவ்வொரு குளியலுக்கும் அந்த நீரைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதற்கு மனம் ஒப்புவதில்லை.

எரிவாயுக் கீசர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உடனுக்குடன் தாராளமாக வெந்நீர் தருவதில் அவற்றுக்கு நிகரில்லை, விலையும் மலிவு. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை மாட்டுவது உயிருக்கு ஆபத்து. எரிவாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையுமில்லை. கதவைத் தாழிட்டுக் குளிப்பவர் மயங்கி விழுவது வெளியிலிருப்பவர்க்குத் தெரியவும் தெரியாது. கீசரை வெளிச்சுவரில், திறந்த காற்றில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவர முடியாத வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்ப் என்னும் சாதனம் மின்சாரத்தை மிகவும் மிச்சப்படுத்தக்கூடியது. ஆயினும் சோலார் முன்பே இருக்கும் வீட்டில், ஆண்டில் சில மாதங்களுக்காக அவ்வளவு பணத்தை முடக்குவதற்கு நியாயமில்லை.

ஆகவே சிறிய மின்சாரக் கீசரே தகுந்தது என்று நிர்ணயித்தோம். அதைச் சோலாருக்குப் பக்கத்தில் தனியாக, மேல்நிலைத் தொட்டியின் பச்சைத்தண்ணீரை வாங்கிச் சுடவைக்கும்படி இணைக்கலாம். அல்லது சோலார் நீர் வந்து சேரும் பாதையிலேயே, குளியலறைக்குச் சற்று முன்னால் இணைக்கலாம். முதல் முறையில் வெயில் நாளில் ஒரு குழாய், மழை நாளில் மற்றொரு குழாய் என்று திறந்துகொள்வதில் எளிமை உண்டு. ஆனால் சோலார் தொட்டியில் 38 டிகிரியில் நிற்கும் 200 லிட்டர் நீரை ஒன்றுக்கும் உதவாததென ஒதுக்கிவிட்டு, 22 டிகிரி நீரை முதலிலிருந்து சுடவைக்கும் அந்த முறையில் மேகமூட்டத்தினூடே சூரியன் செய்துவைத்த பாதி வேலை அத்தனையும் வீணாகிறது. இரண்டாம் முறையில் சூரியன் விட்ட இடத்திலிருந்து மின்சாரம் தொடங்குகிறது. நாங்கள் செய்தது அதுதான்.

வேலை சுலபமாகவே முடிந்தது. வெந்நீர்ப் பாதை முழுவதும் சிபிவிசி குழாயாக இருந்தபடியால் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாதாரண வெள்ளைப் பிவிசி குழாயாக இருந்தால், கோடையில் வரும் சோலார் நீரின் உஷ்ணத்தை அது தாங்காது வளையும், ஆகவே முதற்செலவு அங்கேதான். கீசருக்குள் நீர் புகும் வாயில் ஒன்று, வெளிவரும் வாயில் ஒன்று, இரண்டையும் தாண்டி நேரே செல்லும் குறுக்குக் குழாயில் ஒன்று என மூன்று பால் வால்வுகள் வைக்கச் சொன்னோம். பிளம்பருக்கு இது அநாவசியமாகத் தோன்றிற்று. ஆனால் இந்த ஏற்பாட்டின் ஜீவனே அந்த மூன்று வால்வுகள் என்பது உபயோகத்தில் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. ஏனெனில் மாடித் தொட்டியில் 60 டிகிரி நீர் தயாராக இருக்கும் வெயில் நாளில் கீசரை அணைத்து வைத்தால், இரவெல்லாம் அதற்குள் ஆறிக்கிடந்த 15 லிட்டர் நீரும் வெளியேறிய பிறகுதான் மேலிருந்து வரும் வெந்நீர் குழாய் வாய்க்கு வரும். குழாயில் நிற்கும் 4 லிட்டரைப் பற்றிக் கவலைப்பட்டவர் அத்தோடு இன்னும் 15 லிட்டரைச் சேர்த்துக்கொண்டதாக முடியும். குறுக்குக் குழாய் இருந்தால் வெயிற்காலத்தில் கீசரை முழுவதும் விலக்கிவிட்டுப் பழையபடி சோலாரை மட்டும் உபயோகிக்கலாம்.

இங்கே ஒரு ஜாக்கிரதை. கீசரோடு வரும் பாதுகாப்பு வால்வுக்கும் கீசருக்கும் இடையில் எந்த அடைப்பு வால்வும் வரக்கூடாது. நீர் சூடாகும்போது பெருகும் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரே வழி அதுதான். உட்புகும் வாயிலில் வைக்கும் பால் வால்வு, பாதுகாப்பு வால்வுக்கு முன்னால் நிற்கவேண்டும். கீசரை விலக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்து, பிறகே வால்வுகளை மூடவேண்டும். மீண்டும் இணைக்கும்போது முதலில் நீரை நிரப்பி, குழாயில் சீராக நீர் வருவதைக் கண்ட பிறகே சுவிட்சைப் போடவேண்டும். நீரில்லாமல் சூடேறிய காயில் கருகிப்போக அதிக நேரம் பிடிப்பதில்லை. பல மாதங்கள் விலக்கி வைப்பதானால், உள்ளே தேங்கிய நீரை வடித்துவிடுவது நல்லது.

இனி உபயோகத்தில் கண்டவை. மழைக்காலத்தில் தொட்டி நீர் 35 முதல் 40 டிகிரிக்குள் நின்ற நாட்களில்தான் இந்த இணைப்பு தன் முழுப் பயனையும் காட்டியது. 2 கிலோவாட் கீசர் 25 டிகிரியில் உள்ள 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிஷமும் 0.6 யூனிட்டும் எடுத்துக்கொள்ளும்; 38 டிகிரியில் தொடங்கினால் 11, 12 நிமிஷத்தில் அது முடிந்துவிடுகிறது. ஒருவர் குளித்து வந்ததும் அடுத்தவர் போகலாம். காத்திருப்பு இல்லை, ஷிப்டுக்குப் போகும் வீட்டில் இதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை. குழாயில் ஆறிக்கிடந்த 4 லிட்டரும் இப்போது வீணாவதில்லை. அது கீசருக்குள் புகுந்து அங்குள்ள வெந்நீரோடு கலந்துவிடுகிறது.

இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று கணக்கிலும் அனுபவத்திலும் புலப்பட்டது. கீசரின் உஷ்ணத்தை எவ்வளவு குறைத்து வைக்கிறோமோ, அவ்வளவுக்குச் சூரியனின் பங்கு கூடுகிறது. தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் வைத்தால், குளிப்பதற்கு அந்த நீரோடு ஏறக்குறைய சரிபாதி பச்சைத்தண்ணீரைக் கலக்கவேண்டும். ஐந்து பேர் குளியலுக்குச் சோலாரிலிருந்து இறங்கும் 38 டிகிரி நீர் சுமார் 55 லிட்டர், அதைச் சுடவைக்கும் செலவு 1 யூனிட்டுக்குச் சற்று மேல். 45 டிகிரியில் வைத்தாலோ, பச்சைத்தண்ணீரின் பங்கு குறைந்து சோலாரிலிருந்து 78 லிட்டர் இறங்குகிறது; மின்சாரச் செலவு முக்கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. குளியல் அதே குளியல், உஷ்ணமும் அதே உஷ்ணம். தெர்மோஸ்டாட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மிச்சம் இருக்கிறது. ஆகவே உஷ்ணத்தை மாற்றும் திருகு வெளியே உள்ள கீசராகப் பார்த்து வாங்குங்கள். மூடியைக் கழற்றித் திருகவேண்டிய மாதிரிகள் இந்த உபயோகத்துக்கு ஏற்றவையல்ல.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 20 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் நாள்கணக்கில் நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருக ஏதுவாகிறது. 1976-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் விளங்காத நிமோனியாவால் மாண்டுபோனதைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட கிருமி அது. நீர்த்துளிகளை மூச்சோடு இழுப்பதால் அந்நோய் வருகிறது. 60 டிகிரியில் அது பிழைப்பதில்லை. எனவே நீடித்த மழையில் சோலார் தொட்டி வெதுவெதுப்பாகவே கிடக்கும் நாட்களில் கீசரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பதும், வெயில் திரும்பித் தொட்டி நன்றாகச் சூடேறிய பிறகு குறைத்துக்கொள்வதும் விவேகம். முதியவர்களும் நுரையீரல் நோயுள்ளவர்களும் இருக்கும் வீட்டில் சில பைசா மிச்சத்துக்காக இந்த விதியைத் தளர்த்தக்கூடாது. அதே சமயம் 60 டிகிரி நீர் தோலைப் புண்ணாக்கச் சில விநாடிகளே போதும். வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து, வெந்நீரைப் பிறகு கலப்பது என்னும் வழக்கத்தை வீட்டிலுள்ள எல்லாரும் கைக்கொள்ள வேண்டும்.

15 லிட்டருக்குப் பதிலாக 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் போதாதா என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். விலை குறைவு, இடமும் குறைவு. உள்ளே ஆறிக்கிடக்கும் நீர் 3 லிட்டரே ஆதலால் பாதையில் வைப்பதற்கு அது இன்னும் பொருத்தமானது என்றுகூட வாதிடலாம். 38 டிகிரியில் வரும் நீரை 45 டிகிரிக்கு உயர்த்துவதானால், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நிமிஷத்துக்கு 6 லிட்டர் வரை தரும், அது தாராளம். ஆனால் சோலார் முற்றிலும் ஆறிப்போன நாளில், 22 டிகிரி நீரை 42 டிகிரிக்கு உயர்த்தும்போது அது நிமிஷத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல்தான் கொடுக்கும்; ஒரு வாளி நிறைய ஒன்பது நிமிஷத்துக்கு மேலாகும். அடைமழை நாளுக்காகத்தான் இந்தத் துணை என்னும்போது, அந்த நாளில் தள்ளாடும் சாதனத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒருவர் இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு அது போதும்.

கோடையில் கண்ட நிலைமை வேறு. பங்குனி, சித்திரை வெயிலில் சோலார் நீர் 75 டிகிரியையும் தாண்டிவிடும் நாட்கள் உண்டு. அவ்வளவு சூடான நீர் கீசருக்குள் புகுந்தால், அதிலுள்ள வெப்பத் துண்டிப்பு தானே விழுந்துவிடக்கூடும். பிறகு அதை மீட்டமைக்க எலக்ட்ரீஷியனை அழைக்கவேண்டும். எல்லாக் கம்பெனிகளும் முன்பே சூடான நீர் உட்புகுவதை ஏற்றுக்கொள்வதில்லை. உத்தரவாதச் சீட்டில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மாசி பிறந்ததும் குறுக்கு வால்வைத் திறந்து கீசருக்கு ஓய்வு கொடுத்துவிடுவதால் இந்தத் தொல்லை எழவில்லை.

எங்கள் பக்கத்துக் கீசர்களின் ஆயுளைக் குறைப்பது வேறெதையும்விட உப்புதான். பாறைகளினூடே தோண்டிய போர்களிலிருந்து வரும் நீரின் கடினத்தன்மை, கிண்டியின் அடியிலும் பாய்லரின் உட்சுவரிலும் படிந்த வெண்ணிறப் பொருக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குத் தெரிந்த விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு, குடிப்பதற்குக் காவிரி நீர் வந்தது. குளிக்கவும் துவைக்கவும் போர் நீரே கதி என்னும் வீடுகள் இன்னும் ஏராளம். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு பிரிந்து காயிலின்மேல் படிகிறது. படிந்த அடுக்கு உஷ்ணத்தை நீருக்குப் போகவிடாமல் தடுக்க, காயில் மேலும் மேலும் கொதித்து ஒருநாள் வெடிக்கிறது. சூரியன் முன்பே பாதி சூடாக்கிக் கொடுப்பதால் எங்கள் காயிலுக்கு உழைப்பு குறைவு. ஆயினும் முதல் மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தபோது அதன்மேல் மெல்லிய வெண்பூச்சு இருக்கவே செய்தது. கண்ணாடிப் பூச்சிட்ட உட்டொட்டி உள்ளதாக வாங்கவேண்டும். அந்தத் தொட்டிக்காகத் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் மக்னீசியக் கம்பியை ஆண்டுக்கொரு முறை சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று தொட்டிக்குக் கொடுக்கும் உத்தரவாதமெல்லாம் அந்தக் கம்பி உயிரோடிருக்கும் வரைதான்.

நீரின் அழுத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சோலார் தொட்டி காற்றுக்குத் திறந்திருக்கும் தொட்டி. அது தன் உயரத்தின் பலத்தில் மட்டுமே நீரைக் கீழே தள்ளுகிறது. அதே மாடியிலுள்ள குளியலறையானால் அந்த உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டாது. அவ்வளவு சொற்ப அழுத்தத்தில் கீசரும் அதன் வால்வுகளும் எல்போக்களும் பாதையில் சேர்ந்தால் நீரோட்டம் மெலிந்துவிடும். எங்கள் குளியலறை கீழ்த்தளத்தில் இருப்பதால் குறை தெரியவில்லை. பச்சைத்தண்ணீர்க் குழாயில் மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில் வேறொரு விபரீதம் நேரும்: வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாயின் வழியே பம்ப்பின் அழுத்தம் பச்சைத்தண்ணீரை எதிர்த்திசையில் சோலார் தொட்டிக்கே ஏற்றிவிட, மாடியிலுள்ள காற்றுக் குழாயிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் வெந்நீர்ப் பாதையில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

மின்சார விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது தற்கொலைக்குச் சமம் என்றே எழுதுகிறேன். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பிளக், நன்கு வேலை செய்யும் எர்த், கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகியவை அனைத்தும் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் நட்சத்திரக் குறியும் இல்லாத கீசரை வாசற்படி ஏற்றாதீர்கள். ரக்கோல்டு, ஏ.ஓ. ஸ்மித், வி-கார்டு, வீனஸ் முதலிய கம்பெனிகளின் 15 லிட்டர் மாதிரிகளெல்லாம் கிருஷ்ணகிரிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, உங்கள் ஊருக்கு வந்து பழுதுபார்க்கும் ஆள் எந்தக் கம்பெனிக்கு இருக்கிறார் என்பதே பெரிய வித்தியாசம். கட்டணத்தைப் பொறுத்தவரை, இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில், நாளொன்றுக்கு ஒரு யூனிட் கூடுவது சிறு வீட்டுக்குப் பாரமில்லை. ஆனால் இருமாத உபயோகம் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்காரர், அந்தப் படியைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்துவிடும் என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

குறை என்று சொல்லவேண்டுமானால் இரண்டு சொல்வேன். பருவத்துக்குப் பருவம் வால்வைத் திருப்பவும் தெர்மோஸ்டாட்டை மாற்றவும் வீட்டில் ஒருவராவது விஷயமறிந்தவராக இருக்கவேண்டும்; யாரும் கவனிக்காத வீட்டில் கீசர் வெயில் நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும். மேலும், புயல் நாளில் மின்சாரமும் போய்விட்டால் இரண்டு சாதனங்களும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. அதனால் கொல்லையில் கிடக்கும் செம்புப் பாய்லரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சோலார் உள்ள வீட்டில், நான்கு பேருக்கு மேல் குளிக்கும் குடும்பத்துக்கு, குளியலறைக்கு அருகே பாதையில் இணைத்த 15 லிட்டர் கீசர் கொடுக்கும் பணத்துக்கு முழு மதிப்புள்ளது என்பதே என் தீர்ப்பு. சோலார் தொட்டிக்குள் காயில் போடுவதைக் காட்டிலும் இது எல்லா வகையிலும் மேலானது. வேலை கொடுக்கும்போது மூன்று வால்வுகளையும் சேர்த்தே பேசி முடியுங்கள். டைல்ஸ் ஒட்டி மூடுவதற்கு முன்பே அவை சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று நேரில் நின்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்துக் காட்டும்வரை அவருக்குரிய கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.